உப்பளத்தில் விளையும் கனசதுரம்

மரக்காணத்து உப்பளப் பாத்திகளில், கோடை வெயிலும் கடற்காற்றும் உவர்நீரைச் சுண்டச் செய்து விளைவிக்கும் உப்பைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்குவோர், அதன் பரல்கள் பெரும்பாலும் கனசதுர வடிவத்தையே நாடி நிற்பதைக் காண்பர். யாரும் செதுக்காத இவ்வடிவத்தின் இரகசியத்தை, எக்ஸ் கதிர்களைப் படிகங்களின்மீது செலுத்தி 1913-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர்கள், 1915-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஹென்றி பிராக், லாரன்ஸ் பிராக் என்னும் தந்தையும் மைந்தருமாவர்.

சோடியம் குளோரைடாகிய இவ்வுப்பில், ஒவ்வொரு சோடியம் அயனியையும் மேல், கீழ், முன், பின், இடம், வலம் என ஆறு திசைகளிலும் குளோரைடு அயனிகள் சூழ, ஒவ்வொரு குளோரைடையும் அவ்வாறே ஆறு சோடியங்கள் சூழ்கின்றன. இவ்வடுக்கைக் கொண்ட, 5.64 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள கனசதுரச் சிற்றலகே மூன்று திக்குகளிலும் மீண்டும் மீண்டும் அடுக்கப்பெற்றுப் பரலாகிறது. முகத்துக்குச் செங்குத்தான அச்சைப் பற்றிக் கால்வட்டம் சுழற்றினாலும், எதிர்முனைகளை இணைக்கும் மூலைவிட்டத்தைப் பற்றி மூன்றிலொரு வட்டம் சுழற்றினாலும் இவ்வமைப்பு மாறாதிருப்பதையே சாஸ்திரம் சமச்சீர்மை என்கிறது.

மக்னீசியம் ஆக்ஸைடும், ஈயத்தின் தாதுவாகிய கலீனாவும் இதே அமைப்பையுடையவை. சீசியம் குளோரைடிலோ, சீசியம் பருமன் மிக்கதாதலால் எட்டுக் குளோரைடுகள் சூழ இடமுண்டாகிறது. துத்தநாக ஸல்பைடில் சூழ்வன நான்கே. அயனிகளின் பருமன் விகிதமும் பிணைப்பின் சுபாவமும் சேர்ந்தே இவ்வேற்றுமைகளை நிர்ணயிக்கின்றன.