ஆம்னி வேனில் சென்சார் எங்கே இருக்கு?

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி திருச்சிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் பழைய ஆம்னி வேன்களைப் பார்த்திருப்பீர்கள். 1984-ல் மாருதி வேன் என்று வந்த வண்டி இது. 2019-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. 796 சி.சி., 3 சிலிண்டர். என்ஜின் முன்சீட்டுக்கு அடியில்! சீட்டைத் தூக்கினால்தான் தெரியும்.

முதலில் வந்த ஆம்னிகளில் கார்புரேட்டர். பிறகு வந்தவற்றில் எவ்வளவு பெட்ரோல் விடணும் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அதற்குத் தகவல் சொல்பவைதான் சென்சார்கள். எங்கே இருக்கு என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். எதை அளக்குதோ, அதன் பக்கத்திலேயே இருக்கும்.

1. வெப்ப சென்சார்: என்ஜினைச் சுற்றிவரும் தண்ணீர்ப் பாதையில்.
2. த்ராட்டில் சென்சார்: ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவின் அச்சில்.
3. மேப் சென்சார்: காற்று உள்ளே போகும் குழாயின் அழுத்தம் தெரியும் இடத்தில்.
4. ஆக்ஸிஜன் சென்சார்: புகைக் குழாயில்.

எங்க மாமா ஸ்கூல் வேன் ஓட்டுறார். மைலேஜ் குறைஞ்சு கறுப்புப் புகை வந்தது. ஒரு பட்டறையில், "எல்லா சென்சாரையும் மாத்தணும்" என்றார்கள். அது பீஸ் கட்டுற மாசம். மாமா முகமே வாடிப்போச்சு. மாம்பழச்சாலையில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் வெப்ப சென்சாரின் கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். பித்தளைச் சொம்பில் வருமே, அதே பச்சைக் களிம்பு!

களிம்புக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்? இந்த சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் என்றால் 80 டிகிரியில் சுமார் 300 ஓம்தான். களிம்பு மின்தடையைக் கூட்டும். கம்ப்யூட்டரோ, "என்ஜின் இன்னும் சில்லுனு இருக்கு" என்று நினைத்து பெட்ரோலை அதிகமாக விடும். அண்ணன் களிம்பைச் சுரண்டித் துடைத்தார். புகை நின்றது. சென்சார் பழசேதான்!

நிஜமாகவே மாற்ற வேண்டியிருந்தால்: என்ஜின் நன்றாக ஆறணும், இல்லாவிட்டால் கொதிநீர் பீச்சி அடிக்கும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றணும். புதுசை முதலில் கையால் திருகி, பிறகுதான் ஸ்பேனர். கடைசியில் குறைந்த கூலன்ட்டை ஊற்றணும்.

ஆகவே, முதலில் கனெக்டர், அடுத்து வயர், பிறகு மீட்டர் வைத்து மின்தடை. அதற்கப்புறம்தான் கடைக்குப் போகணும்.

யோசியுங்கள்: அந்த வயர் முழுசா அறுந்துபோனால் கம்ப்யூட்டருக்கு என்ஜின் சூடாகத் தெரியுமா, குளிராகத் தெரியுமா? விடையைக் கீழே உள்ள வெற்றிடத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

— 12-ஆம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு