செயலிகளுக்கிடையே ஒலி செல்லும் வழி

ஒலிப்பதிவுக் கூடமொன்றில் கருவிகளை இணைத்து வைப்பது கம்பி. ஒலிவாங்கியிலிருந்து புறப்படும் கம்பி முன்பெருக்கியை அடைகின்றது. அங்கிருந்து எதிரொலி சேர்க்கும் பெட்டிக்கும், பின்னர் கலவை மேசைக்கும், ஈற்றிலே பதிவுப் பொறிக்கும் செல்கின்றது. கம்பியைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், பழுதுபட்டால் மாற்றிக்கொள்ளலாம். இக்கருவிகள் யாவும் ஐபேட் என்னும் ஒரு பலகைக்குள்ளே செயலிகளாய் ஒடுங்கியபோது, கம்பிக்கு மட்டும் அங்கே இடமில்லாது போயிற்று.

காரணம் யாதெனின், அப்பிள் நிறுவனம் ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் அடைத்து வைத்தமையே. ஒரு செயலி மற்றொன்றின் நினைவகத்தை எட்டிப் பார்த்தலாகாது என்பது அவ்வமைப்பின் அடிப்படை விதி. களவுக்கும் குழப்பத்துக்கும் எதிரான நல்ல காவல்தான். ஆயினும் சங்கீதக்காரருக்கு அது பெருந்தடை. கொரில்லாஸ் குழுவின் டேமன் அல்பார்ன் 2010ஆம் ஆண்டின் இறுதியில், வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போதே, பெரும்பாலும் ஐபேட்டைக் கொண்டு 'த ஃபோல்' என்னும் இசைத்தொகுப்பை உருவாக்கினார். அக்காலத்தில் ஒரு செயலியில் பிறந்த ஒலியை வெட்டி எடுத்து மற்றொன்றில் ஒட்டுவதே வழக்கம். வேடிக்கை யாதெனில், 1983இல் வகுக்கப்பட்ட மிடி என்னும் முறை 2010இலேயே இப்பலகைகளுக்கு வந்துவிட்டது. இன்ன சுரத்தை இன்ன அழுத்தத்தோடு வாசிக்க என்னும் கட்டளை சுவரைக் கடந்து செல்லலாம். வாசித்த ஒலி திரும்பி வருதல் இயலாது!

இத்தடையை முதன்முதலில் வெற்றியுடன் தாண்டியது 2012 டிசம்பரில் வெளிவந்த ஓடியோபஸ். மைக்கேல் டைசன் (குத்துச்சண்டை வீரரல்லர், அதே பெயருடைய மென்பொருளாளர்), செபஸ்தியன் டிட்மன் ஆகிய இருவரும் அதன் கர்த்தாக்கள். திரையிலே மூன்று இடங்கள்: ஒலி பிறப்பிக்கும் செயலி ஓரிடத்தில், ஒலியை மாற்றும் செயலி நடுவில், பதிவு செய்யும் செயலி மறுபுறத்தில். பெருநிறுவனம் தராத கம்பியை இரு தனியாட்கள் தந்தனர். மறு ஆண்டிலே அப்பிளின் கராஜ்பேண்ட் செயலியும் அதனை ஏற்றுக்கொண்டமை அவர்தம் முயற்சிக்குக் கிடைத்த பெரும் சான்று.

பின்னர் 2013இல், ஐஓஎஸ் ஏழாம் பதிப்போடு, அப்பிள் தானே 'இன்டர் அப் ஓடியோ' என்னும் வழியைத் திறந்தது. இதில் ஒரு குறையுண்டு. ஒரு செயலி ஒரு முறையே இயங்கும். ஒரே வாத்தியச் செயலியைப் புல்லாங்குழலுக்கும் வீணைக்குமாக இரு தடங்களில் ஏககாலத்தில் வைத்தல் ஆகாது. 2015இல் வந்த 'ஓடியோ யூனிட்' மூன்றாம் பதிப்பு இதனைத் தீர்த்தது. இம்முறையில் வாத்தியச் செயலி தனித்து நில்லாது, பதிவுச் செயலியின் உள்ளே விருந்தினர்போல் வந்து அமர்கின்றது. வேண்டிய தடவை அழைக்கலாம். திருகிய குமிழ்களின் நிலையும் பாடலோடு சேர்த்தே சேமிக்கப்படும். 2016இல் வந்த ஏயூஎம் என்னும் கலவை மேசைச் செயலி, பழையதும் புதியதுமான இருவகைகளையும் அருகருகே வைத்துக் கலக்க வழி செய்தது.

ஒலி செல்ல வழி கிடைத்தால் மட்டும் போதுமோ? காலத்தாழ்வு என்னும் இடர்ப்பாடு உண்டு. கணினி ஒலியைத் துளித்துளியாக அன்றி, கைப்பிடி கைப்பிடியாகவே அள்ளிக் கொடுக்கின்றது. செக்கனுக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, ஒரு பிடியில் 256 மாதிரிகள் இருப்பின் அது 5.3 மில்லி செக்கன். காற்றிலே ஒலி இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம் செல்ல எடுக்கும் நேரம் அதுவே. பக்கத்தில் அமர்ந்த வித்துவானின் வாசிப்பைக் கேட்பது போன்றது. பிடியை 1,024 ஆக்கினால் 21 மில்லி செக்கன். மண்டபத்தின் ஏழு மீற்றர் அப்பால் நின்று தாளம் போடுபவரோடு வாசிப்பதற்கு ஒப்பு. பிடி சிறிதாயின் செயலி மூச்சுத் திணறி ஒலி வெடிக்கும்; பெரிதாயின் கை பிந்தும். ஆகவே வாசிக்கும்போது சிறிய பிடியும், கலவை செய்யும்போது பெரிய பிடியும் கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். புளூடூத் வழியாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசிப்பவர் எந்தப் பிடியாலும் தப்பமாட்டார். அதன் தாமதம் பெரும்பாலும் நூறு மில்லி செக்கனையும் கடந்து விடும்.

மாதிரிகளின் எண்ணிக்கை ஒத்திராவிடினும் கேடுண்டு. 2015இல் வந்த ஐபோன் 6எஸ், தன் ஒலிபெருக்கியில் 48,000ஐ வற்புறுத்தியது. 44,100ஐயே நம்பி எழுதப்பட்ட செயலிகள் சில கரகரத்தன. 44,100இல் பதிந்ததை மாற்றமின்றி 48,000இல் ஒலிக்கச் செய்தால், சுருதி ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் உயர்ந்துவிடும். பாடியவர் தம் குரலைத் தாமே அறியார்.

தாளத்தைப் பொறுத்தவரை ஏபிள்டன் நிறுவனம் 2016இல் பரப்பிய 'லிங்க்' முறை அழகியது. அதன் வழி ஒலி செல்வதில்லை. நடையும் அடியின் நிலையும் மட்டுமே பகிரப்படும். தலைவரென ஒருவர் இல்லை. யார் நடையை மாற்றினாலும் ஏனையோர் பின்தொடர்வர்.

இவ்விணைப்புகளை நம்பி உழைத்தவர்க்கு நேரும் இடர் வேறொன்று. ஐஓஎஸ் பதின்மூன்றாம் பதிப்பு வந்த 2019இல், இன்டர் அப் ஓடியோவைக் கைவிடப்படும் வழியென அப்பிள் அறிவித்தது. வழி உடனே அடைபடவில்லை. ஆயினும் புதியன படைப்போர் அதனைத் துறந்தனர். அதற்கு முன்பே, 2017இல், 32 பிட் செயலிகள் யாவும் ஐஓஎஸ் பதினோராம் பதிப்பில் இயங்காதொழிந்தன. அவற்றை நம்பியிருந்த பாடற்கோப்புகளைப் புதிய பதிப்பில் திறந்தால், வாத்தியம் இருந்த இடம் வெறுமை. எழுதிய சுரங்கள் அப்படியே இருக்கும்; அவற்றை ஒலிக்கச் செய்ய ஆளில்லை. ஓடியோ யூனிட் முறையும் இதற்கு விலக்கன்று. குமிழ்களின் நிலையைப் பதிவுச் செயலி காப்பாற்றுமேயன்றி, விருந்தினரையே காப்பாற்ற அதற்கு வல்லமை இல்லை.

எனவே நிதானமுள்ளோர் பாடல் முடிந்த அன்றே ஒவ்வொரு தடத்தையும், எதிரொலி முதலியன சேர்த்தும் சேர்க்காமலும், வேவ் கோப்பாக எழுதி வைப்பர். எல்லாத் தடங்களும் முதல் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். நடுவில் நுழையும் வாத்தியத்துக்கும் தொடக்கத்து மௌனம் அவசியம். அவ்வாறு எழுதினால், எந்தப் பதிவுச் செயலியில் அடுக்கினும் தடங்கள் தம் இடத்தில் வந்து நிற்கும். நடையின் வேகத்தையும் மாதிரி எண்ணிக்கையையும் கோப்பின் பெயரிலேயே குறித்துவிட்டால், பின்னர் திறப்பவருக்குத் தேடும் வேலை இராது.