விர்ச்சுவல் மெஷினில் நெட் வரவில்லையா? அழிக்க அவசரப்படாதீர்கள்!

ஒரு வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சாப்பிட உட்காருவதற்குள் பிள்ளையார்பாளையத்திலிருந்து சித்தப்பா மகள் போன் செய்தாள். "அண்ணா, லினக்ஸ்ல நெட்டே வர மாட்டேங்குது. கடையில காட்டினேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும்னு சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை காலேஜ்ல ப்ராஜெக்ட் ரிவ்யூ இருக்கு."

அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறாள். ப்ராஜெக்ட் வேறொன்றும் இல்லை, சித்தப்பாவின் நெசவுக் கணக்குதான். எந்தச் சேலைக்கு எவ்வளவு பட்டு வாங்கினார், ஜரிகை எத்தனை கிராம், கூலி எவ்வளவு வந்தது, முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று நோட்டில் எழுதி வந்ததை எல்லாம் ஆறு மாதமாக அதில் ஏற்றி வருகிறாள். நோட்டு எழுதுவதைச் சித்தப்பா நிறுத்திவிட்டார். ஆக, அந்தக் கணக்கு இருப்பது லேப்டாப்பில் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்குள் மட்டும்தான். அதை அழித்தால் கணக்கும் போச்சு.

"எதையும் தொடாதே. காலையில் வருகிறேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் லினக்ஸைப் பழக வேண்டுமானால், விண்டோஸை நீக்கத் தேவையில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்து, அதற்குள் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் லினக்ஸைப் போட்டுக் கொள்ளலாம். அதற்கென்று மெமரி, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் உண்டு. எல்லாமே மென்பொருளால் ஆனவை. விர்ச்சுவல்பாக்ஸ் 2007-ல் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. 2008-ல் சன் நிறுவனத்திடமும், 2010-ல் ஆரக்கிளிடமும் போய்ச் சேர்ந்தது. காசு கொடுக்கத் தேவையில்லை.

நம் ஊர் லினக்ஸ் ஒன்றும் இருக்கிறது. பாஸ் லினக்ஸ் என்று பெயர். சென்னை சி-டாக் மையம் 2007-ல் வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் இதுவும் இருந்தது. நான் லினக்ஸை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். என் வகுப்பில் பலர் சினிமா வைக்க இடம் போதவில்லை என்று அந்தப் பகுதியை அழித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

முதல் வேலை: பிரதி எடுங்கள்

சனிக்கிழமை காலை போனபோது சித்தப்பா தறியில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு இழை அறுந்தா பாவையே வெட்டிப் போடச் சொல்றாங்களா? நல்லா இருக்கே!" என்று சிரித்தார். தங்கை சிரிக்கும் நிலையில் இல்லை.

நெட்வொர்க்கைத் தொடும் முன் ஒரு பிரதி எடுத்தோம். லினக்ஸை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், முழு விர்ச்சுவல் மெஷினும் ஒரே ஃபைலாகச் சேமிக்கப்படும். அதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்துக் கொள்ளுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும். நாங்கள் காபி குடித்து முடித்தும் பாதிதான் ஆகியிருந்தது. ஆனாலும் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எங்கே அறுந்திருக்கிறது?

விர்ச்சுவல் மெஷினில் பிரௌசரைத் திறந்து பக்கம் வரவில்லை என்றால், எந்த இடத்தில் தவறு என்று அந்தப் பிழைச் செய்தி தெளிவாகச் சொல்லாது. லினக்ஸுக்கும் இணையத்துக்கும் நடுவே பல கண்ணிகள் இருக்கின்றன. அவற்றை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அதற்கு முன் விண்டோஸில் நெட் வருகிறதா என்று பாருங்கள். அங்கேயே வரவில்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. தங்கை வீட்டில் நெட் என்பது சித்தப்பாவின் போன் ஹாட்ஸ்பாட். விண்டோஸில் அது நன்றாகவே வந்தது.

இனி லினக்ஸில் டெர்மினலைத் திறந்து கொள்ளுங்கள். கட்டளைகளை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். ஐ, பி என்று இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஏ என்ற எழுத்து. என்டர் தட்டுங்கள். நெட்வொர்க் கார்டுகளின் பட்டியல் வரும். முதலில் வரும் 127.0.0.1 கம்ப்யூட்டர் தன்னைத்தானே அழைத்துக் கொள்ளும் முகவரி. அதை விட்டுவிடுங்கள். இரண்டாவதாக வருவதுதான் நமக்குத் தேவை. பழைய லினக்ஸ்களில் அதன் பெயர் ஈத்0 என்று இருக்கும். இப்போது இஎன்பி0எஸ்3 என்பது போல நீளமாக இருக்கும். பெயர் மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அந்தக் கார்டின் கீழ் ஐநெட் என்று தொடங்கும் வரியில் ஓர் எண் முகவரி இருக்கிறதா? இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். தங்கையின் லினக்ஸில் அந்த வரியே இல்லை. முகவரி இல்லாத வீட்டுக்குக் கடிதம் எப்படி வரும்?

நாட்டா, பிரிட்ஜா?

முகவரி வராவிட்டால் பார்க்க வேண்டிய இடம் விர்ச்சுவல்பாக்ஸ். விர்ச்சுவல் மெஷினைத் தேர்ந்தெடுத்து செட்டிங்ஸ், நெட்வொர்க், அடாப்டர் 1 என்று போங்கள். எனேபிள் நெட்வொர்க் அடாப்டர் என்பதில் டிக் இருக்க வேண்டும். கேபிள் கனெக்டட் என்பதிலும் டிக் இருக்க வேண்டும். அது கண்ணில் படவில்லை என்றால் அட்வான்ஸ்ட் பகுதியைத் திறங்கள். புதிய பதிப்புகளில் எக்ஸ்பர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தெரியும். இது கற்பனை கேபிள்தான். ஆனாலும் டிக் போய்விட்டால் நிஜக் கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம். தெரியாமல் கை பட்டு இந்த டிக் போவது அடிக்கடி நடக்கும் ஒன்று.

அங்கேயே அட்டாச்ட் டு என்ற பெட்டி இருக்கும். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாட் என்பது கூட்டுக் குடும்ப வீடு மாதிரி. தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண். உள்ளே இருப்பவர்களுக்கு வரும் கடிதத்தைப் பெரியவர் வாங்கி உரியவரிடம் கொடுப்பார். இங்கே பெரியவர் விர்ச்சுவல்பாக்ஸ். லினக்ஸுக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரியைக் கொடுப்பதும், 10.0.2.2 என்ற முகவரியில் வாசலாக நிற்பதும் அதுதான். நாட் முறையில் வகுப்பில் நாற்பது பேர் லேப்டாப்பிலும் 10.0.2.15 என்றே இருக்கும். அதில் தவறில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சமையலறை இருப்பது போலத்தான்.

பிரிட்ஜ்டு அடாப்டர் என்பது அதே தெருவில் தனிக் கதவு எண் வாங்குவது. லினக்ஸ் நேராக ரூட்டரிடம் போய்த் தனக்கென்று ஒரு முகவரி கேட்டு வாங்கும். இதற்கு லேப்டாப்பின் எந்த நிஜ நெட்வொர்க் கார்டு வழியாகப் போக வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அதோடு, சில வைஃபை கார்டுகளில் பிரிட்ஜ் ஒழுங்காக வேலை செய்யாது.

தங்கையின் கோளாறு இதில் பிடிபட்டது. கல்லூரி லேபில் கேபிள் இணைப்பு. அங்கே சீனியர் ஒருவர் பிரிட்ஜ் வைத்து, கேபிள் போர்ட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டில் கேபிளே கிடையாது. லினக்ஸ் பாவம், யாரும் இல்லாத கதவைத் தட்டிக் கொண்டிருந்திருக்கிறது. பெட்டியில் நாட் என்று மாற்றி, லினக்ஸை இயக்கினோம். 10.0.2.15 வந்தது.

பிரௌசரைத் திறந்தாள். பக்கம் வரவில்லை! தங்கையின் முகம் மறுபடி வாடிவிட்டது.

இரண்டாவது முடிச்சு

ஒரு கோளாறைச் சரி செய்தும் பலன் தெரியவில்லை என்றால், பலரும் செய்த மாற்றத்தைப் பழையபடி ஆக்கிவிட்டு வேறெதையோ நோண்டத் தொடங்குவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முகவரி வந்தது முன்னேற்றம்தான். அடுத்த கண்ணியைச் சோதியுங்கள்.

ஐ, பி, இடைவெளி, ஆர் என்று டைப் செய்தால் லினக்ஸ் எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்று காட்டும். டீஃபால்ட் என்று தொடங்கும் வரியில் 10.0.2.2 இருந்தது. நல்லது. அடுத்து பிங். பி, ஐ, என், ஜி என்று நான்கு எழுத்து, இடைவெளி, பிறகு 10.0.2.2. பதில் வந்தது. விண்டோஸில் பிங் நான்கு முறை கேட்டுவிட்டு நிற்கும். லினக்ஸில் நிற்கவே நிற்காது. கன்ட்ரோல் கீயுடன் சி அழுத்தி நீங்கள்தான் நிறுத்த வேண்டும். கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்று பவர் பட்டனை அழுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வெளியுலகம். பிங் 8.8.8.8 என்று கொடுத்தோம். இது கூகுளின் டிஎன்எஸ் சர்வர் முகவரி. அதற்கும் பதில் வந்தது! அதாவது தங்கையின் லினக்ஸ் பிள்ளையார்பாளையத்திலிருந்து உலகத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. (நாட் முறையில் சில நேரம் வெளி முகவரிகளுக்குப் பிங் பதில் வராமல் போகலாம். பிரௌசர் வேலை செய்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.)

கடைசியாக, எண்ணுக்குப் பதில் ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்துப் பிங் செய்தோம். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. எண் கொடுத்தால் போகிறது, பெயர் கொடுத்தால் போகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், டிஎன்எஸ்தான். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் சேவை அது. போனில் நண்பரின் பெயரைத் தொட்டால் நம்பர் டயல் ஆகிறதல்லவா, அந்த மாதிரி.

தங்கையின் உபுண்டு லினக்ஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வயர்டு பக்கத்திலுள்ள பல்சக்கர ஐகான், ஐபிவி4 என்று போனோம். டிஎன்எஸ் பகுதியில் ஆட்டோமேட்டிக் நிறுத்தப்பட்டு, கீழே ஒரு எண் கையால் எழுதப்பட்டிருந்தது. கல்லூரியின் உள் நெட்வொர்க்கில் மட்டும் இருக்கும் சர்வரின் எண் அது. வளாகத்தைத் தாண்டினால் அதை அடைய வழியே இல்லை. எண்ணை அழித்து, ஆட்டோமேட்டிக்கை ஆன் செய்து, அப்ளை கொடுத்து, வயர்டு இணைப்பை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தோம். பக்கம் திறந்தது. மணி பதினொன்று கூட ஆகவில்லை.

விர்ச்சுவல் மெஷினை ஷட் டவுன் செய்யாமல், சேவ் ஸ்டேட் கொடுத்து மூடிவிட்டு வேறு ஊரில் திறப்பவர்களுக்கும் இதே போல நடக்கலாம். பழைய இடத்தின் டிஎன்எஸ் விவரத்தை லினக்ஸ் நினைவில் வைத்திருக்கும். இணைப்பை ஆஃப் செய்து ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நண்பரின் விர்ச்சுவல் மெஷினைக் காப்பி எடுத்துப் பயன்படுத்துகிறீர்களா? பிரிட்ஜ் முறையில் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு காப்பிகளுக்கும் ஒரே மேக் முகவரி இருந்தால், ரூட்டர் குழம்பி இருவருக்கும் ஒரே எண் முகவரியைக் கொடுத்துவிடும். மாற்றி மாற்றி நெட் துண்டிக்கும். குளோன் அல்லது இம்போர்ட் செய்யும்போது புதிய மேக் முகவரிகளை உருவாக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த மாதிரி சந்தேகங்களைத் தமிழிலேயே கேட்க இடம் இருக்கிறது. எங்கள் காஞ்சிபுரத்துக்கென்றே ஒரு லினக்ஸ் பயனர் குழு உண்டு. 2012-ல் தொடங்கிய கணியம் மின்னிதழிலும் லினக்ஸ் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் ஏராளம். கேட்கும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் கேட்காமல், மேலே சொன்ன நான்கு சோதனைகளில் எது வரை பதில் வந்தது என்றும் சொல்லுங்கள். பதில் சொல்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சித்தப்பாவின் கேள்வி

மதியம் தறியிலிருந்து எழுந்து வந்த சித்தப்பா, "இந்தக் கணக்கை என் போன்ல பார்க்க முடியாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நாட் முறையில் உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது. பிரிட்ஜுக்கு மாறினால் முடியும். அவருடைய ஹாட்ஸ்பாட்டை நம்பி அதைச் செய்ய எனக்கு மனமில்லை. அதனால் போர்ட் ஃபார்வர்டிங் வைத்தோம்.

அடாப்டர் 1 பக்கத்திலேயே போர்ட் ஃபார்வர்டிங் பட்டன் இருக்கிறது. புதிய வரி சேர்த்து, ஹோஸ்ட் போர்ட் 8080, கெஸ்ட் போர்ட் 8000 என்று கொடுத்தோம். தங்கையின் புரோகிராம் லினக்ஸில் 8000-ல் ஓடுகிறது. ஐபி பெட்டிகளைக் காலியாக விட்டுவிடலாம். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால், பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். முதல் முறை போனில் பக்கம் வரவில்லை. புரோகிராம் 127.0.0.1 முகவரியில் மட்டும் காது கொடுத்துக் கொண்டிருந்ததுதான் காரணம். அப்படி இருந்தால் லினக்ஸுக்குள் இருப்பவருக்கு மட்டுமே பதில் சொல்லும். அதை 0.0.0.0 என்று மாற்றி ஓட விட்டாள். போனில் லேப்டாப்பின் விண்டோஸ் முகவரியையும், முக்காற்புள்ளியும் 8080-மும் சேர்த்து டைப் செய்ததும் கணக்கு வந்தது.

சித்தப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக் கொண்டு வரி வரியாகப் பார்த்தார். "ஆடி மாசம் ஜரிகைக் கணக்குல ஒரு கட்டு விட்டுப் போயிருக்கே?" என்றார். தங்கை உடனே கீபோர்டை இழுத்தாள்.