ரோஸ் மூக்கும் கேளாத காதும்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில், வெடிச் சத்தத்துக்குத் தலை திருப்பாத ஒரு நாயைப் பார்த்தால் பட்டாசுதான் அதன் காதைக் கெடுத்துவிட்டது என்று யாருக்கும் தோன்றும். ஊரைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள் இருக்கும்போது வேறு என்ன நினைக்க முடியும்? ஆனால் அந்த நாய் பால் வெள்ளையாய், ரோஸ் மூக்கோடு இருக்கும் ராஜபாளையம் என்றால், பட்டாசின் மேல் பழி போடுவதற்கு முன் சற்று நின்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு சரவெடியைக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது. பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள் காது போயிருக்கும். அதற்குச் சத்தம் காரணமில்லை. அதன் வெள்ளை நிறத்துக்கு எது காரணமோ, அதுதான் செவிட்டுத்தன்மைக்கும் காரணம்.

ராஜபாளையமும் விருதுநகர் மாவட்டம்தான். சிவகாசிக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பேர்போன நாய் அந்த ஊரின் பெயரிலேயே நாடெங்கும் அறியப்படுகிறது. 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது; அதில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் பக்கத்து நாய்களின் பெயர்களையும் அடுக்கினார். சிப்பிப்பாறையும் இதே மாவட்டத்து ஊர்தான். பிறகு குட்டிகளுக்கு மதிப்பு ஏறியது. கூடவே, 'நல்ல ராஜபாளையம் எப்படி இருக்க வேண்டும்' என்கிற இலக்கணமும் இறுகியது. உடம்பில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது, மூக்கு ரோஸ் நிறமாக இருக்க வேண்டும், கண் பொன்னிறமாக இருக்க வேண்டும். அந்த ரோஸ் மூக்கைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நாயின் தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுப்பவை நிறமிச் செல்கள். இவை தோலிலேயே உண்டாகின்றன என்றுதான் பலரும் நினைப்போம். அப்படி இல்லை. குட்டி தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போது, முதுகுத்தண்டு உருவாகப்போகும் இடத்தை ஒட்டிய நரம்பு முகடு என்ற பகுதியில் இவற்றின் மூதாதைச் செல்கள் தோன்றுகின்றன. அங்கிருந்து முதுகின் இரு புறமும் இறங்கி, பெருகிக்கொண்டே உடம்பெங்கும் பரவுகின்றன. அவை போய்ச் சேர்ந்த இடத்தில் நிறம் உண்டு. சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடும். தெருவில் போகும் செவலை நாயையோ கறுப்பு நாயையோ கவனியுங்கள். வெள்ளை இருந்தால் பெரும்பாலும் பாதத்திலும் நெஞ்சிலும் வால் நுனியிலும்தான் இருக்கும். முதுகிலிருந்து எட்டத்தில் இருக்கும் இடங்கள் அவை. செல்கள் போய்ச் சேர்வதற்குள் காலம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பயணத்தை நடத்தும் மரபணுக்களில் ஒன்று தொய்வாக வேலை செய்தால் வெள்ளை மேலும் மேலும் பரவும். பாக்ஸர், புல் டெரியர் போன்ற இனங்களின் முழு வெள்ளைக்கு எம்ஐடிஎஃப் என்கிற மரபணு காரணம் என்று 2007-ல் கண்டறிந்தார்கள். நிறமிச் செல்கள் உயிர் தரித்து நிற்பதற்கே அந்த மரபணுவின் கட்டளை வேண்டும். அது குறைந்தால் அவை பாதி வழியிலேயே மடிந்துபோகும்.

நிறம் போனால் போகட்டும், வெள்ளையும் அழகுதானே என்று கேட்கலாம். ஆனால் அந்தச் செல்கள் போய்ச் சேர வேண்டிய இடங்களில் ஒன்று உட்காதுக்குள் இருக்கிறது. வெளிச்சமே எட்டாத, யார் கண்ணிலும் படாத இடத்தில் நிறமிச் செல்லுக்கு என்ன வேலை? என்னை வெகுவாக வியக்க வைத்த கேள்வி இது.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதற்குள் ஒரு திரவம். அதில் பொட்டாசியம் மிக அதிகம். திரவத்துக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் இடையே ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் எந்நேரமும் நிலைத்திருக்கிறது. ஒலி வந்து மோதும்போது காக்ளியாவின் மயிர்ச்செல்கள் அசைகின்றன, அவற்றின் நுனியில் நுண்துளைகள் திறக்கின்றன, இந்த மின்னழுத்தத்தின் உந்துதலால் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது, நரம்பு துடிக்கிறது, நாய்க்குச் சத்தம் கேட்கிறது. இந்த அழுத்தத்தை உண்டாக்கிக் கொடுப்பது காக்ளியாவின் பக்கச் சுவரில் இரத்த நாளங்கள் நெருங்கிய ஒரு பட்டை. அந்தப் பட்டையின் நடு அடுக்கில் இருப்பவைதான் முதுகிலிருந்து பயணப்பட்டு வந்த நிறமிச் செல்கள். இங்கே அவற்றுக்கு நிறம் பூசும் வேலை இல்லை. பொட்டாசியத்தைக் கடத்தி மின்னழுத்தத்தைத் தாங்குவதே அவற்றின் வேலை.

அவை வந்து சேராவிட்டால் என்ன ஆகும்? பிறக்கும்போது எல்லா நாய்க்குட்டிகளுக்கும் காதுத் துளை மூடித்தான் இருக்கும். இரண்டு வாரம் போல் ஆனதும் திறக்கும். நிறமிச் செல் இல்லாத காதில் மூன்று, நான்கு வாரங்களுக்குள் அந்தப் பட்டை சுருங்கிவிடுகிறது. மின்னழுத்தம் விழுகிறது. அடுத்து மயிர்ச்செல்கள் சாகின்றன. அவை மறுபடி முளைப்பதில்லை. வலியோ காய்ச்சலோ இல்லாததால் வளர்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஈத்தில் உள்ள மற்றக் குட்டிகளோடு சேர்ந்து அதுவும் ஓடும், கடிக்கும், பால் குடிக்கும்.

இந்தத் தொடர்பு புதிதல்ல. நீலக் கண் உள்ள வெள்ளைப் பூனைகள் செவிடாக இருப்பதைச் சார்லஸ் டார்வின் 19-ம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். மனிதர்களிலும் உண்டு: நெற்றி முடியில் வெள்ளைக் கற்றை, வெளிர்நீலக் கண், பிறவிச் செவிட்டுத்தன்மை மூன்றும் சேர்ந்து வரும் நிலையை 1951-ல் வார்டன்பர்க் என்ற டச்சுக் கண் மருத்துவர் விவரித்தார். நாய்களை எடுத்துக்கொண்டால், வெள்ளைப் புல் டெரியர்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதாவது கேட்பதில்லை. அதே இனத்தின் நிற நாய்களில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அதற்காக வெள்ளை என்றாலே செவிடு என்று எண்ணிவிடக் கூடாது. நம் தெருக்களில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் ஸ்பிட்ஸைப் பாருங்கள். உடம்பெல்லாம் வெள்ளை, ஆனால் மூக்கு கறுப்பு, கண் விளிம்பு கறுப்பு, உதடும் கறுப்பு. அங்கே நிறமிச் செல்கள் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. முடிக்கு மட்டும் வெளிறிய நிறமியைக் கொடுக்கின்றன. காதுக்குக் குறைவில்லை. அல்பினோ விலங்குகளிலும் செல்கள் இருக்கின்றன, நிறமி மட்டும் உற்பத்தியாவதில்லை. எனவே அவற்றுக்குப் பொதுவாக இந்தக் குறை வருவதில்லை. மூக்கின் தோலே ரோஸாக இருக்கும் வெள்ளை நாயின் கதை வேறு. அந்த இடத்துக்கு நிறமிச் செல் வரவில்லை என்பதற்கு அது வெளியே தெரியும் தடயம். ரோஸ் மூக்குள்ள ராஜபாளையங்கள் எல்லாமே செவிடு அல்ல. நன்றாகக் கேட்பவை ஏராளம். ஆனால் இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புள்ளி விழுந்த குட்டியையும் பழுப்புக் குட்டியையும் விலை போகாது என்று ஒதுக்கி, வெள்ளையோடு வெள்ளையை மட்டுமே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தால், அழகென்று நாம் கூட்டிச் சேர்ப்பது நிறமிச் செல்களின் இல்லாமையைத்தான். பக்கத்திலேயே இருக்கும் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உடம்பில் நிறம் இருப்பதால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

இதில் மிகச் சிக்கலானது ஒற்றைக் காது. இரண்டு காதுக்கும் செல்கள் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். ஒரு காதுக்குச் சேர்ந்து மற்றதற்குச் சேராமல் போவது சாதாரணம். இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக 8,955 டால்மேஷன் குட்டிகளைச் சோதித்ததில் இரண்டு காதும் கேளாதவை 4.4 சதவீதம், ஒரு காது மட்டும் கேளாதவை 13.4 சதவீதம். ஒரு காது கேட்கும் நாய் கூப்பிட்டால் ஓடி வரும், குரைக்கும், காவல் காக்கும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் மட்டும் தடுமாறும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. அதை இணை சேர்ப்பார்கள். குறை அடுத்த ஈத்துக்கும் இறங்கும்.

கை தட்டியோ தட்டைத் தட்டியோ பார்ப்பது ஒரு தொடக்கம்தான். குட்டி தூங்கும்போது, அதன் பார்வைக்கு எட்டாமல், காற்று மேலே படாமல் தள்ளி நின்று செய்ய வேண்டும். பட்டாசுப் பகுதியில் இன்னொரு தொந்தரவு: பெரிய வெடியின் அதிர்வு தரை வழியாகவும் உடம்பு வழியாகவும் உறைக்கும். செவிட்டு நாயும் துள்ளி எழக்கூடும்; 'நம் நாய்க்குக் காது கேட்கிறது' என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவு செய்யும் 'பேயர்' சோதனை வேண்டும். தலைத் தோலில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாகச் சிறு 'க்ளிக்' ஒலிகளை அனுப்புவார்கள். கேட்கும் காதிலிருந்து அலைகள் எழும். கேளாத காதின் கோடு தட்டையாக ஓடும். ஐந்து, ஆறு வாரக் குட்டிக்கே செய்துவிடலாம்.

காது நன்றாக உள்ள நாய்க்கும் இந்த மண்ணில் வேறு வகைத் துன்பம் உண்டு. நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். ஒரு தனி வெடி, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அந்த எல்லைக்குள் இருக்கும் வெடியே நாயை நடுங்க வைக்கும். நடுங்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். தீனியும் கொடுக்கலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டெஃபானி ரீமர் 2020-ல் நாய் வளர்ப்பவர்களைக் கேட்டு வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் தொடர்ந்து பிடித்த தீனி கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் கிடைத்ததாகச் சொன்னார்கள். தீபாவளிக்கு முன்பே, தூரத்து வெடிகளிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.

செவிடான குட்டியை மட்டும் தெருவில் விட்டுவிடாதீர்கள். பின்னால் வரும் வண்டி அதற்குத் தெரியாது. வெளியே போகும்போது வார் அவசியம். உட்கார், வா, நில் என்பதையெல்லாம் கைச்சாடையிலேயே கற்றுக்கொள்ளும். தூங்கும்போது திடீரென்று தொடாமல், தரையை லேசாகத் தட்டியோ மூக்கருகே கையை நீட்டியோ எழுப்பினால் பதறிக் கடிக்காது. குடும்பத்தோடு நன்றாக வாழும். இணை சேர்க்காமல் இருந்தால் போதும்.

வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியதும் கடினமில்லை. சோதித்து, இரண்டு காதும் கேட்கும் நாய்களையே இணை சேர்க்க வேண்டும். நீலக் கண் குட்டிகளை இனப்பெருக்கத்துக்கு எடுக்கக் கூடாது. புள்ளி விழுந்த குட்டியைக் கழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து டால்மேஷன்களில் அந்தச் சோதனைகள் நடந்த ஆண்டுகளில் செவிட்டுத்தன்மை குறைந்துவந்தது. இந்தச் சோதனையை இங்கும் கொண்டுவர முடியும்: நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட கல்லூரியும் இருக்கிறது. ராஜபாளையம் குட்டியை விற்பவரிடம் தாய், தகப்பன் இரண்டுக்கும் காது சோதித்த தாளைக் கேட்கும் வழக்கம் வாங்குபவர்களிடம் வந்துவிட்டால், கருவிகளும் ஆட்களும் நம் பக்கத்துக்குத் தானாக வந்து சேரும்.