தமிழர் மரபு (பாடம்)

தமிழர் மரபு என்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பொறியியல், தொழில்நுட்பப் பட்டப்படிப்புகளில் எல்லாத் துறை மாணவர்களும் முதற் பருவத்தில் கற்க வேண்டிய பொதுப் பாடம் ஆகும். இரண்டாம் பருவத்தில் இதன் தொடர்ச்சியாகத் தமிழரும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் அமைந்துள்ளது. இவ்விரண்டும் 2022-23 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தன. கணினி, இயந்திரவியல், கட்டடவியல் என எதனைப் பயில்பவராயினும் இவற்றில் தேர்ச்சி பெறாமல் பட்டம் பெற இயலாது.

பின்னணி

சிறப்புத் துறை எதுவாயினும் மாணவர் அனைவரும் சில பொது அறிவுத் துறைகளைக் கற்கவேண்டும் என்னும் கருத்து பொதுக் கல்வி எனப்படுகிறது. ஆர்வர்டு பல்கலைக்கழகம் 1945இல் வெளியிட்ட அறிக்கை இக்கருத்து பரவக் காரணமாயிற்று. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்க வரலாற்றைக் கற்பது சட்டப்படியே கட்டாயம் ஆகும். இந்தியாவில் இராதாகிருட்டிணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49) பொதுக் கல்வியை வலியுறுத்தியது. எனினும் தமிழ்நாட்டில் பொறியியல் மாணவர்களுக்கு வரலாறு நெடுங்காலம் பள்ளியோடு முடிந்துபோன ஒன்றாகவே இருந்தது.

பாடத்திட்டம்

ஒவ்வொரு பாடமும் ஐந்து அலகுகளைக் கொண்டது. அலகொன்றுக்கு 3 பாடவேளைகள் வீதம் மொத்தம் 15 பாடவேளைகள். கிரெடிட் எனப்படும் மதிப்புப் புள்ளி பாடத்திற்கு ஒன்று மட்டுமே. பட்டத்திற்குத் தேவைப்படுவனவோ ஏறத்தாழ 160. பாடத்திட்டம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட்டுள்ளது.

தமிழர் மரபில் மொழியும் இலக்கியமும், பாறை ஓவியம் முதல் நவீன ஓவியம் வரையிலான கலைகள், நாட்டுப்புறக் கலைகளும் வீர விளையாட்டுகளும், திணைக் கோட்பாடு, இந்தியத் தேசிய இயக்கத்திற்கும் பண்பாட்டிற்கும் தமிழரின் பங்களிப்பு ஆகியன இடம்பெறுகின்றன. இரண்டாவது பாடம் நெசவு, பானைத் தொழில், கட்டடக்கலை, உலோகவியல், வேளாண்மையும் நீர்ப்பாசனமும், அறிவியல் தமிழ், கணித்தமிழ் ஆகியவற்றை விளக்குகிறது. சோழர் காலக் குமிழித் தூம்பு இதில் ஒரு பாடப்பொருள் ஆகும். கட்டடவியல் மாணவர் ஒருவருக்குத் தம் துறையின் பழைய வரலாறு இதன்வழியே கிடைக்கிறது.

குறை நேரத்தில்தான் உள்ளது. சங்க இலக்கியத்தையோ சோழர்களின் கடல்கடந்த வெற்றிகளையோ மூன்று பாடவேளை கொண்ட ஓர் அலகின் சிறு பகுதியாக நடத்தும்போது, பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதே எளிய வழியாகிவிடும். வரலாறு என்பது சான்றுகளை ஆராய்ந்து முடிவுக்கு வருதல் என்பதை மாணவர் உணர வாய்ப்புக் குறைவு.

கள்ளக்குறிச்சிப் பகுதியும் பாடமும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இப்பாடத்தின் பல தலைப்புகளுக்கு இங்கேயே சான்றுகள் உள்ளன. திருக்கோவிலூர் வட்டத்தின் ஜம்பை ஊரில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்திரர் மரபினனாகக் குறிப்பிடுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் யார் என்னும் நெடுநாள் ஐயத்தை இது தீர்த்துவைத்தது. கல்வெட்டு எவ்வாறு வரலாறாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. கைவினை பற்றிய அலகை ஒரு சிற்பியின் பட்டறையிலேயே நடத்தலாம்.

கல்வராயன் மலையின் நிலை வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இம்மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். இப்பெயருக்கு மலையை ஆள்பவர் எனப் பொருள் கூறுவர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்களது வாய்மொழி மரபு. விசயநகர அரசர் கிருட்டிணதேவராயர் வழங்கியதாகச் சொல்லப்படும் உரிமையின் பேரில் மூன்று ஜாகிர்தார்கள் இம்மலையை ஆண்டுவந்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னரும் அது தொடர்ந்து, 1976இல்தான் முடிவுற்றது. ஆகவே வெள்ளிமலை, சேராப்பட்டு போன்ற மலையூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவரின் தாத்தா பாட்டியர் ஜாகிர் ஆட்சியைக் கண்ணாரக் கண்டவர்களாக இருக்கக்கூடும்.

பாடத்திட்டத்தில் பழங்குடியினர் இரண்டாம் அலகில், அவர்களது கைவினைப் பொருட்கள் என்னும் தலைப்பில் வருகின்றனர். அவர்களின் ஆட்சிமுறை, நில உரிமை, இடப்பெயர்வு பற்றித் தனித் தலைப்பு இல்லை. கைவினையைக் கூறி வரலாற்றைக் கூறாது விடுவது அம்மக்களைக் காட்சிப்பொருளாக்கும் அளவிற்குக் குறையுடையது. ஆசிரியர் விரும்பினால், முதியோரிடம் வாய்மொழிச் செய்திகளைத் திரட்டி வருமாறு மாணவருக்கு ஒப்படைப்புத் தந்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். காஞ்சியிலிருந்து வந்த கதையையும் ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வரலாற்றுப் பயிற்சியாக அமையும்.

கலை, அறிவியல் கல்லூரிகளில்

இம்மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் முன்பு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன. இவ்வகைக் கல்லூரிகளுக்காகத் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் உருவாக்கிய மாதிரிப் பாடத்திட்டத்தில், பகுதி 1 தமிழின் மூன்றாம் பருவத் தாள் தமிழக வரலாறும் பண்பாடும் என்பதாகும். இங்கு வரலாறு மொழிப்பாடத்தின் வழியே வருவதால் அதனைத் தமிழாசிரியர்களே நடத்துகின்றனர். பகுதி 1இல் இந்தி, பிரெஞ்சு போன்ற பிற மொழிகளைத் தேர்ந்தெடுப்போர் இத்தாளைப் படிப்பதில்லை. அவர்களுக்குப் பகுதி 4இல் அடிப்படைத் தமிழ் அல்லது சிறப்புத் தமிழ் உண்டு.