இமயம் கடக்கும் வாத்தின் குருதி

குளிர்காலத்தில் இந்திய நீர்நிலைகளை நாடும் வரித்தலை வாத்து, இமயமலையைக் கடந்து வருகின்றது. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் பிராணவாயுவின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியே. பழக்கமற்ற மனிதன் அங்கு நடக்கவே மூச்சுத் திணறுவான். இப்பறவையோ சிறகடித்துப் பறக்கின்றது. இஃது எங்ஙனம் இயலும்?

குருதிக்குச் செந்நிறம் அளிப்பது ஹீமோகுளோபின் என்னும் இரும்புடைய புரதம். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பிராணவாயு மூலக்கூறுகளை ஏந்தவல்லது. நுரையீரலில் பற்றுதலும் தசையில் விடுத்தலும் அதன் கடமைகள். பிடி தளர்ந்திருப்பின் மெல்லிய காற்றில் பிராணவாயு போதிய அளவு கிட்டாது. மிக இறுகினாலோ கிட்டியது தசையைச் சேராது.

சமவெளியில் வாழும் உறவினத்தில் ஆல்பா சங்கிலியின் 119ஆம் இடத்தில் புரோலின் உள்ளது. வரித்தலை வாத்தில் அவ்விடத்தில் அலனின் அமைந்துள்ளது. இதுவும் வேறு சில மாற்றங்களும் பிடியை வலுப்படுத்துகின்றன. உழைக்கும் தசையில் வெப்பமும் கரியமில வாயுவும் மிகுதலால், அங்கே பிடி நெகிழ்ந்து பிராணவாயு விடுபடுகின்றது. பற்றும் வலிமையும் விடும் இயல்பும் இவ்வாறு இணைந்திருப்பதே அப்பறவைக்கு மலைவழியைத் திறந்து வைக்கின்றது.