பிறர் படைத்த பாத்திரம்

கனகராயன்குளத்து மாணவன் ஒருவன் கனடாவிலுள்ள நண்பனோடு இணையவழி கூடி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஒரே கதையை எழுதுதல் இன்று இயலும். ஆயின் அதற்கும் வரம்புண்டு. என் வீரன் வாளை ஓங்கலாம். அது உங்கள் வீரன்மீது பட்டதா, அவன் விலகினானா என்று எழுதும் உரிமை உங்களுடையது. அவனைக் கொல்வதாயினும் மணமுடித்து வைப்பதாயினும் உங்கள் இசைவு வேண்டும். அவன் மனத்துள் நினைத்ததையோ நான் தொடவே கூடாது.

படைத்தவர் இல்லாதவிடத்து என் செய்வது? 1954 இல் கல்கி மறைந்தபோது ‘அமரதாரா’ முற்றுப்பெறாது நின்றது. மகள் ஆனந்தி, தந்தையாரின் குறிப்புகளைத் துணைக்கொண்டே அதனை நிறைவு செய்தார். மகளுக்கே குறிப்பு வேண்டியிருந்தது! நண்பன் சில நாள் வாராவிடின், அவன் பாத்திரத்தை வெளியூர்ப் பயணம் அனுப்பிவிட்டுக் கதையை நடத்தலாம். அவன் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தானே தொடர்வான்.